காலத்தில் சொன்ன சொல்

உரைநடைப் பகுதி

நுழையும்முன்

நாம் நாள்தோறும் பல ஒலிகளைக் கேட்கிறோம். பள்ளி மணி ஒலித்தால் வகுப்புக்குச் செல்கிறோம். தொடர்வண்டியின் ஊதல் கேட்டால் தண்டவாளத்தை விட்டு விலகுகிறோம். ஓர் ஒலி கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்பே அறிந்திருப்பதால்தான் அது நமக்குப் பயன்படுகிறது. நாம் கல்வி கற்கும் பள்ளியிலோ, பெற்றோருடன் செல்லும் அரசு அலுவலகத்திலோ அபாய மணி ஒலித்தால் என்ன செய்வது? யார் சொல்வதை நம்புவது? எந்த மொழியில் அச்செய்தி நம்மை வந்தடையும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

முரசு முதல் கைப்பேசி வரை

ஆபத்தை முன்கூட்டி அறிவிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பண்டைத் தமிழ் மன்னர்கள் முரசறைந்து செய்தி அறிவித்தனர். புறநானூற்றின் 9ஆம் பாடல் நெட்டிமையார் என்னும் புலவர் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடியது. போர் தொடங்குமுன், பசுக்கள், அந்தணர், பெண்டிர், பிணியுடையோர், பிள்ளைப் பேறில்லாதோர் ஆகியோர் பாதுகாப்பான இடத்தை அடையுமாறு முன்னறிவிப்புச் செய்யும் அறநெறி அப்பாடலில் கூறப்படுகிறது. வரப்போகும் ஆபத்து இன்னது, விலக வேண்டியவர் இன்னார், செய்ய வேண்டியது இன்னது என்பனவெல்லாம் அவ்வறிவிப்பில் அடங்கியுள்ளன. அது காலம் கடந்து சொல்லப்பட்டதும் அன்று; அம்பு பாயும் முன்பே சொல்லப்பட்டது.

பிற்காலத்தில் ஊர்ப்புறங்களில் தண்டோரா போட்டுச் செய்தி சொன்னார்கள். கோயில் மணியும் ஆலைச் சங்கும் ஊரைக் கூட்டின. பின்னர் ஒலிபெருக்கி, வானொலி, தொலைக்காட்சி ஆகியவை அப்பணியை ஏற்றன. இன்று நம் கைக்குள் இருக்கும் கைப்பேசியே முரசாகி விட்டது.

கைப்பேசிகள் ஒருங்கே ஒலித்த நாள்

2023ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் பெங்களூரு உள்ளிட்ட கர்நாடகப் பகுதிகளில் பலருடைய கைப்பேசிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உரத்த ஒலி எழுப்பின. அது வழக்கமான குறுஞ்செய்தி ஒலி அன்று. திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றியது. ஆயினும் அஞ்சுவதற்கு ஏதும் இல்லை. ‘இது சோதனைச் செய்தி, இதன்பொருட்டு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை’ என்னும் கருத்தே அதில் இருந்தது. இந்தியத் தொலைத்தொடர்புத் துறையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் இணைந்து அவ்வாண்டில் பல மாநிலங்களில் நடத்திய சோதனைகளுள் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் அக்டோபர் 20ஆம் நாள் இத்தகைய சோதனை நடைபெற்றது.

இம்முறைக்குச் செல் பிராட்காஸ்ட் என்று பெயர். கோபுர ஒலிபரப்பு என நாம் இதனைத் தமிழில் கூறலாம். குறுஞ்செய்திக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவது நலம். குறுஞ்செய்தி என்பது அஞ்சற்காரர் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக் கடிதம் கொடுப்பதைப் போன்றது. அனுப்புவதற்கு ஒவ்வொருவருடைய எண்ணும் வேண்டும். இலட்சக்கணக்கானோர்க்கு அனுப்பும்போது காலத்தாழ்வு ஏற்படும். கோபுர ஒலிபரப்போ தெரு முனையில் நின்று முரசறைவதைப் போன்றது. ஒரு கைப்பேசிக் கோபுரத்தின் எல்லைக்குள் அந்நேரத்தில் இருக்கும் கைப்பேசிகள் அனைத்திற்கும் செய்தி ஒருங்கே சென்று சேரும். எவருடைய எண்ணும் தேவையில்லை. நேற்றுத்தான் சேலத்திலிருந்து பெங்களூருக்கு வந்தவருக்கும் அச்செய்தி கிடைக்கும். பெங்களூருக்காரர் ஒருவர் அன்று சென்னையில் இருந்தால் அவருக்கு அது செல்லாது. ஆபத்து எங்கு உள்ளதோ அங்கு இருப்பவர்க்கே எச்சரிக்கை தேவை என்பதே இதன் அடிப்படை.

கட்டடத்திற்குள் எச்சரிக்கை

ஊர் முழுவதற்கும் உரிய எச்சரிக்கை ஒரு வகை. ஒரே கட்டடத்திற்குள் இருப்பவர்க்கு உரிய எச்சரிக்கை மற்றொரு வகை. பெங்களூரில் அரசுக் கட்டடங்கள் பல உள்ளன. 1951ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் ஜவாகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, கெங்கல் அனுமந்தையா முதலமைச்சராக இருந்த காலத்தில் எழுப்பப்பட்டு, 1956இல் நிறைவுற்ற விதான சௌதாவை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதற்கு எதிரே செந்நிறத்தில் விளங்குவது அட்டார கச்சேரி. பதினெட்டு அலுவலகங்கள் என்பது அப்பெயரின் பொருள். 1868இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடத்தில் இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் செயல்படுகிறது.

இத்தகைய கட்டடங்களுக்கு நாள்தோறும் வருவோர் யாவர்? அங்குப் பணிபுரிவோர்க்கு ஒவ்வொரு படிக்கட்டும் பழக்கமானது. ஆனால், சான்றிதழ் பெற வந்த மாணவரும், ஓய்வூதியம் பற்றிக் கேட்க வந்த முதியவரும், வழக்குக்காக வந்த வெளியூராரும் அன்றுதான் முதன்முறையாக அக்கட்டடத்திற்குள் நுழைந்திருப்பர். வந்த வழி ஒன்றே அவர்கள் அறிந்த வழி. அவ்வழியில் புகை சூழ்ந்தால் அவர்கள் திகைத்து நிற்பர். ஆகவே, அரசுக் கட்டடத்தின் எச்சரிக்கை, இடம் அறியாதவர்க்கும் மொழி அறியாதவர்க்கும் விளங்குவதாக இருத்தல் வேண்டும்.

இதற்காகவே பெரிய கட்டடங்களில் சில ஏற்பாடுகள் செய்யப்படுகின்றன. சுவரில் பொருத்தப்பட்டுள்ள சிவப்பு நிறப் பெட்டியின் கண்ணாடியை உடைத்தாலோ அழுத்தினாலோ அபாய மணி ஒலிக்கும். கூரையில் உள்ள சிறு வட்டக் கருவி புகையை உணர்ந்து தானே மணியை ஒலிக்கச் செய்யும். பச்சை நிறத்தில் ஓடும் மனித உருவம் வெளியேறும் வழியைக் காட்டும். அது எழுத்தறியாதவர்க்கும் எம்மொழியினர்க்கும் பொதுவான குறி. ஒலிபெருக்கியின் வழியே அறிவிப்புச் செய்வர். கட்டடத்திற்கு வெளியே ‘ஒன்றுகூடும் இடம்’ என ஓரிடம் குறிக்கப்பட்டிருக்கும். அங்கு ஆள்களை எண்ணிப் பார்த்த பின்னரே எவரேனும் உள்ளே சிக்கியுள்ளனரா என்பது தெரியவரும்.

ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது. 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் பெங்களூருப் பழைய விமான நிலையச் சாலையில் உள்ள கார்ல்டன் டவர்ஸ் என்னும் தனியார் அலுவலகக் கட்டடத்தில் தீப்பற்றியது. 9 பேர் உயிரிழந்தனர். தீயைவிடப் புகையே அன்று பெருந்துன்பம் விளைத்தது. மாடிகளில் புகை நிறைந்து, வெளியேற வழி காணாத சிலர் சன்னல்களிலிருந்து குதித்தனர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் அப்போதைய பெங்களூரு மாநகராட்சியின் தலைமை அலுவலக வளாகத்தில் இருந்த தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் தீ விபத்து ஏற்பட்டது. பணியில் இருந்த 9 பேர் தீக்காயமுற்றனர். அவர்களுள் ஒருவர் பின்னர் உயிரிழந்தார். நகரைக் காக்கும் அலுவலகமும் ஆபத்துக்கு விலக்கன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. பூட்டிய அவசர வழியும், பொருள்கள் அடைத்த படிக்கட்டும், ஒலிக்காத மணியும் அமைதிக் காலத்தில் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆபத்து வந்த நாளில்தான் அவை தெரிகின்றன. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் முன்னோர் கூறியது இதனால்தான்.

ஆபத்து வேறு, அறிவுரை வேறு

‘ஆபத்து! வெளியேறுங்கள்!’ என்று மட்டும் கூறினால் போதுமா? போதாது. ஒவ்வோர் ஆபத்திற்கும் செய்ய வேண்டுவன வெவ்வேறு.

தீப்பற்றினால் பையையும் நூலையும் தேடிக்கொண்டு நிற்றல் கூடாது. உடனே படிக்கட்டு வழியே இறங்க வேண்டும். மின்தூக்கியில் ஏறக் கூடாது. மின்சாரம் நின்றால் அதற்குள் சிக்கிக்கொள்ள நேரும். புகை மேல்நோக்கிச் செல்லும் இயல்பினது. ஆதலால் புகை சூழ்ந்த இடத்தில் குனிந்தோ தவழ்ந்தோ செல்ல வேண்டும். கடைசியாக வெளியேறுபவர் கதவைச் சாத்திவிட்டு வந்தால் தீ பரவுவது தாமதப்படும்.

வெடிகுண்டு மிரட்டல் வந்தால் முறை சற்று மாறும். ஆசிரியரோ காவலரோ கூறும் வழியில் வரிசையாக வெளியேற வேண்டும். உடைமையாளர் இல்லாத பை, பெட்டி, பொட்டலம் எதனையும் தொடக் கூடாது, நகர்த்தவும் கூடாது, கண்டால் பெரியவரிடம் கூற வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் தம் பையைத் தாமே எடுத்துச் செல்லுமாறு காவலர் கூறுவதும் உண்டு. உரியவர் இல்லாத பைகள் குறைந்தால் சோதனை எளிதாகும் என்பதே அதற்குக் காரணம்.

நிலம் அதிர்ந்தால் உடனே ஓடுதல் ஆகாது. உறுதியான மேசையின் அடியில் அமர்ந்து, தலையைக் காத்துக்கொண்டு, மேசைக் காலைப் பற்றிக்கொள்ள வேண்டும். அதிர்வு நின்ற பின்னரே வெளியேற வேண்டும்.

ஒன்றில் ஓட வேண்டும்; மற்றொன்றில் ஓடக் கூடாது. ஒன்றில் பையை விட வேண்டும். மற்றொன்றில் எடுக்க நேரலாம். ஆகையால், மணி ஒலி மட்டும் போதாது. மணியைத் தொடர்ந்து தெளிவான சொல்லும் வர வேண்டும். நல்ல எச்சரிக்கை ஐந்து வினாக்களுக்கு விடை தரும். சொல்பவர் யார்? ஆபத்து என்ன? எந்த இடத்தில்? எந்த நேரத்தில்? நாம் செய்ய வேண்டியது என்ன? இவ்வைந்தனுள் ஒன்று குறைந்தாலும் கேட்பவர் உடனே செயற்பட மாட்டார்; ‘உண்மைதானா?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டு நிற்பார். அவ்வாறு நிற்கும் சில நிமிடங்களில்தான் உயிர்கள் இழக்கப்படுகின்றன.

மிரட்டல் வந்த காலைப் பொழுது

2023ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் பெங்களூரு மக்கள் எளிதில் மறக்க இயலாத நாள். அன்று காலை நகரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள 60க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு மின்னஞ்சல் வழியே வெடிகுண்டு மிரட்டல் வந்தது. மாணவர்கள் வகுப்பறைகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினரும் மோப்ப நாய்களும் பள்ளிதோறும் சென்று சோதனை நடத்தினர். செய்தி அறிந்த பெற்றோர் பதைபதைத்துப் பள்ளி வாயில்களுக்கு விரைந்தனர். சோதனையின் முடிவில் எங்கும் வெடிபொருள் இல்லை. மிரட்டல் பொய்யானது எனத் தெரியவந்தது.

பொய்தானே என்று இதனைத் தள்ளிவிடலாமா? முடியாது. குண்டு இல்லை என்பது தேடிய பின்னர்த் தெரிந்த உண்மை. தேடுமுன் எவரும் அதனை அறியார். எனவே, ஒவ்வொரு மிரட்டலையும் மெய்யென்றே கொண்டு செயற்படுவது காவல்துறையின் கடமையாகிறது. ஒரு பொய்யின் பொருட்டு நூற்றுக்கணக்கான காவலர் அலைகின்றனர். அந்நேரத்தில் உண்மையான ஆபத்தில் உள்ளவர்க்குக் கிடைக்க வேண்டிய உதவி தாமதமாகிறது. ‘புலி வருகிறது’ என்று பலமுறை பொய் கூறிய சிறுவனின் கதையை நீங்கள் அறிவீர்கள். அக்கதையில் இறுதியில் துன்புற்றவன் பொய் கூறியவன். பொய் மிரட்டலிலோ துன்புறுபவர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்கள். பெயரை மறைத்து மிரட்டல் விடுப்பதனைப் பாரதிய நியாய சன்ஹிதையின் 351ஆம் பிரிவு தண்டனைக்குரிய குற்றமாகக் கூறுகிறது. அது விளையாட்டன்று.

அன்று பெற்றோரிடையே மற்றொரு துன்பமும் இருந்தது. பள்ளியிலிருந்து ஒரு செய்தி, அண்டை வீட்டாரிடமிருந்து ஒரு செய்தி, கைப்பேசிக் குழுக்களிலிருந்து பல செய்திகள் எனப் பலவும் ஒருங்கே வந்தால் எதனை நம்புவது? அவசர காலத்தில் செய்தி ஒரே இடத்திலிருந்து, ஒரே குரலில் வர வேண்டும். பள்ளியைப் பற்றிய செய்தியைப் பள்ளியும், நகரைப் பற்றிய செய்தியைக் காவல்துறையும் கூற வேண்டும். ஏனையோர் அதனைக் கேட்டு நடத்தல் வேண்டும்.

வதந்தியால் வெறிச்சோடிய நகர்

எச்சரிக்கைக்கும் வதந்திக்கும் உள்ள வேற்றுமையைப் பெங்களூரு 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நேரிற் கண்டது. அசாமில் நிகழ்ந்த கலவரத்தை அடுத்து, பெங்களூரில் வாழும் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்னும் வதந்தி குறுஞ்செய்திகள் வாயிலாகப் பரவியது. அங்காடிகளிலும் உணவகங்களிலும் பணிபுரிந்தோர், கல்லூரிகளில் பயின்றோர் என ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் தொடர்வண்டி நிலையத்தில் திரண்டனர். குவாகத்திக்குச் சிறப்புத் தொடர்வண்டிகள் இயக்கப்பட்டன. மாநில அமைச்சர்களும் காவல் அதிகாரிகளும் நிலையத்திற்கே சென்று, அஞ்ச வேண்டாம் என ஆறுதல் கூறினர். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு மத்திய அரசு 15 நாள்கள் தடை விதித்தது.

அவர்களை நாம் எளிதாகக் குறை கூறலாகாது. வேற்றூரில் வாழ்பவர், உள்ளூர் மொழியை முழுதும் அறியாதவர், அரசின் அறிவிப்பைப் புரிந்துகொள்ள இயலாதபோது தம் மொழியில் வந்த செய்தியையே நம்புவர். அச்செய்தி பொய்யாயின் அச்சமே அவர்க்குத் துணையாகும். பிழைப்பின்பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களில் பிறந்த உங்களுக்கு அவர்களுடைய மனநிலை நன்கு விளங்கும். எனவே, சரியான செய்தி சரியான நேரத்தில் அவரவர் மொழியில் சேர்ந்தால் வதந்திக்கு இடமில்லாமற் போகும்.

நல்லவாடு கற்பித்த பாடம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. அந்நாளில் இந்தியப் பெருங்கடலுக்கென ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் ஏதும் இல்லை. புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூர் உள்ளது. அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் பணிபுரிந்து வந்தார். பேரலை பற்றிய செய்தியை அங்கு அறிந்த அவர், உடனே தம் ஊருக்குத் தொலைபேசியில் கூறினார். நல்லவாட்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையம் ஒன்று இருந்தது. கடல் அலையின் நிலையை மீனவர்க்கு நாள்தோறும் அறிவிப்பதற்காக அங்கு ஒலிபெருக்கிகள் நிறுவப்பட்டிருந்தன. ஊரார் அம்மையத்திற்கு விரைந்து, ஒலிபெருக்கி வழியே ‘ஊரை விட்டு வெளியேறுங்கள்’ எனத் திரும்பத் திரும்ப அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஆனால், ஊர் மக்கள் உயிர் தப்பினர்.

இங்கு மூன்று செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது, தொலைவில் இருந்தவர் காலந்தாழ்த்தாமல் கூறினார். இரண்டாவது, அறிவிப்பதற்குரிய கருவி முன்பே ஊரில் இருந்தது. அது நாள்தோறும் பயன்பட்டு வந்ததால் பழுதின்றி இருந்தது. மூன்றாவது, அக்குரல் ஊரார்க்குப் பழக்கமான குரலாகவும் அவர்தம் தாய்மொழியாகவும் இருந்தது. ஆகவே, கேட்டவுடன் நம்பினர்; நம்பியவுடன் நடந்தனர். பின்னர் 2007ஆம் ஆண்டு ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. மையம் எவ்வளவு விரைவாகக் கூறினாலும், கடைசி வீட்டுக் கதவு வரை அச்செய்தியைக் கொண்டு சேர்ப்பவர்கள் மக்களே.

ஒத்திகையின் பயன்

2025ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் நாடு முழுவதும் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகைக்கு மத்திய அரசு ஏற்பாடு செய்தது. கர்நாடகத்தில் பெங்களூரு, கார்வார், ராய்ச்சூர் ஆகியவை அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. குடிமைப் பாதுகாப்பு முறையில் அபாயச் சங்கு இருவகையாக ஒலிக்கும். ஏறி இறங்கி ஒலித்தால் ஆபத்து நெருங்குகிறது என்பது பொருள். ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கியது என்பது பொருள். பொருள் அறியாதவர்க்கு இரண்டும் வெறும் இரைச்சலே.

பள்ளியில் ஒத்திகை நடக்கும்போது சிலர் சிரித்துப் பேசிக்கொண்டு நடப்பர். சிலர் அதனை விடுதலை நேரமாகக் கருதுவர். ஆபத்து வேளையில் மனிதர் நின்று ஆராய்ந்து செயற்படுவது அரிது. கால்கள் பழகிய வழியிலேயே செல்லும். ஒத்திகை என்பது கால்களுக்குக் கற்பிக்கும் பாடம். அதனை ஒருமுறையேனும் முழு மனத்துடன் கற்றல் வேண்டும்.

உங்கள் பங்கு

மாணவர்களே! நீங்கள் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசுகிறீர்கள். இஃது உங்களுக்கு வாய்த்த பெரும் பேறு. உங்கள் வீட்டில் உள்ள பாட்டியோ தாத்தாவோ தமிழ் மட்டுமே அறிந்தவராக இருக்கலாம். அலுவலகத்தில் கன்னடத்தில் ஓர் எச்சரிக்கை ஒலித்தால், ‘என்ன சொல்கிறார்கள் கண்ணு?’ என்று அவர் உங்களைத்தான் கேட்பார். அப்போது நீங்கள் கூறும் ஒரு சொல் அவர் உயிரைக் காக்கும். அதேபோல் உங்கள் பக்கத்தில் திகைத்து நிற்பவர் வங்க மொழியினராகவோ ஒடிய மொழியினராகவோ இருக்கலாம். அவரிடம் பேசச் சொல் இல்லாவிடினும், கை காட்டி வழி கூறலாம்.

உதவி வேண்டின் 112 என்னும் எண்ணை அழைக்கலாம். காவல்துறை, தீயணைப்புத் துறை, மருத்துவ உதவி ஆகியவற்றை அடைவதற்கு அமைந்த பொது அவசர எண் அது. அழைத்தவுடன் முதலில் இடத்தைக் கூறுங்கள். பேச்சு இடையில் அறுந்துவிட்டாலும், இடம் தெரிந்தால் உதவி வந்து சேரும். அதன் பின்னர் நிகழ்ந்தது என்ன, எத்தனை பேர் துன்பத்தில் உள்ளனர் என்பனவற்றைக் கூறுங்கள். எதிர்முனையில் இருப்பவர் வைக்கச் சொல்லும் வரை அழைப்பைத் துண்டிக்காதீர்கள். விளையாட்டுக்காக இவ்வெண்ணை ஒருபோதும் அழைக்காதீர்கள்.

உறுதி செய்யப்படாத செய்தியைப் பிறர்க்கு அனுப்பாதிருத்தலும் ஓர் உதவியே. காலத்தில் சொன்ன உண்மைச் சொல் உயிர் காக்கும். காலமறியாது பரப்பிய பொய்ச் சொல் ஊரைக் கலைக்கும். இவ்வேறுபாட்டை அறிந்து நடப்பவரே நற்குடிமக்கள்.

சொல்லும் பொருளும்

முரசறைதல் – முரசு கொட்டிச் செய்தி அறிவித்தல்
பிணி – நோய்
மின்தூக்கி – லிஃப்ட்
உடைமை – உரிமைப் பொருள்
வதந்தி – உறுதி செய்யப்படாத செய்தி
ஆழிப்பேரலை – சுனாமி
ஒத்திகை – முன்கூட்டிச் செய்து பார்க்கும் பயிற்சி
பேறு – கிடைத்தற்கரிய நன்மை

தெரிந்து தெளிவோம்

தமிழும் கன்னடமும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அபாய காலத்தில் பயன்படும் சொற்களை இரு மொழியிலும் அறிந்துகொள்வோம்.

எச்சரிக்கை – எச்சரிகெ
அபாயம் – அபாய
தீ – பெங்கி
வாயில், கதவு – பாகிலு
வெளியே – ஹொரகெ
வெளியே வாருங்கள் – ஹொரகெ பன்னி
ஓடாதீர்கள் – ஓடபேடி
உதவி – சஹாய

தமிழில் ‘வ’கரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ‘ப’கர ஒலி பெறுகின்றன. ‘வாயில்’ என்பது ‘பாகிலு’ எனவும், ‘வாருங்கள்’ என்பது ‘பன்னி’ எனவும் வருவதனை நோக்குக.

இலக்கணம் அறிவோம்

எச்சரிக்கை அறிவிப்புகளில் மிகுதியாகப் பயன்படுவன ஏவல் வினைமுற்றும் வியங்கோள் வினைமுற்றும் ஆகும்.

ஏவல் வினைமுற்று: முன்னிலையில் உள்ளவரை ஒரு செயலைச் செய்யுமாறு ஏவுவது. ஒருமை, பன்மை வேறுபாடு உண்டு.
எ.கா. நில் (ஒருமை), நில்லுங்கள் (பன்மை), தொடாதே (எதிர்மறை ஒருமை), தொடாதீர்கள் (எதிர்மறைப் பன்மை).

வியங்கோள் வினைமுற்று: வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் ஆகிய பொருள்களில் வரும். இருதிணை, ஐம்பால், மூவிடங்களுக்கும் பொதுவானது. க, இய, இயர், அல் என்பன இதன் விகுதிகள்.
எ.கா. செல்க, வெளியேறுக, அமைதி காக்க, அஞ்சற்க.

வியங்கோளில் ஒருவர், பலர் என்னும் வேறுபாடு இல்லை. ஆதலால், ‘இவ்வழியே செல்க’ என்னும் பலகை சிறியவர், பெரியவர் அனைவர்க்கும் பொருந்துகிறது.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. கர்நாடகத்தில் கைப்பேசி எச்சரிக்கைச் சோதனை நடைபெற்ற ஆண்டு
அ) 2004 ஆ) 2012 இ) 2023 ஈ) 2025

2. ‘அட்டார கச்சேரி’ என்பதன் பொருள்
அ) எட்டு அறைகள் ஆ) பதினெட்டு அலுவலகங்கள் இ) பழைய நீதிமன்றம் ஈ) செந்நிற மாளிகை

3. ‘அஞ்சற்க’ என்பது
அ) ஏவல் ஒருமை ஆ) ஏவற்பன்மை இ) எதிர்மறை வியங்கோள் ஈ) பெயரெச்சம்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. புறநானூற்றின் 9ஆம் பாடலில் முன்னறிவிப்புப் பெறுவோர் யாவர்?
2. நல்ல எச்சரிக்கை விடை தரும் ஐந்து வினாக்கள் எவை?
3. 112 என்னும் எண்ணை அழைத்தவுடன் முதலில் எதனைக் கூற வேண்டும்? ஏன்?

இ. விரிவான விடை எழுதுக.

1. குறுஞ்செய்திக்கும் கோபுர ஒலிபரப்புக்கும் உள்ள வேறுபாடுகளைத் தொகுத்து எழுதுக.
2. பொய் மிரட்டல் எனத் தெரியவந்த பின்னரும், காவல்துறை சோதனை நடத்தியது சரியே என்பதனைக் காரணங்களுடன் நிறுவுக.
3. 2012இல் பெங்களூரிலும் 2004இல் நல்லவாட்டிலும் செய்தி பரவிய முறைகளை ஒப்பிடுக.

ஈ. திருத்தி எழுதுக.

பின்வரும் அறிவிப்பில் எவ்வெச் செய்திகள் விடுபட்டுள்ளன? அவற்றைச் சேர்த்து, ஐந்து வினாக்களுக்கும் விடை தருமாறு மாற்றி எழுதுக.
‘பெரிய ஆபத்து! எல்லாரும் உடனே போங்கள்! இதை அனைவர்க்கும் அனுப்புங்கள்!’

உ. சிந்தனை வினா

உங்கள் பள்ளியில் அபாய மணி ஒலிக்கிறது. செவித்திறன் குறைந்த மாணவர் ஒருவர் நூலகத்தில் தனியே படித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குச் செய்தி சென்று சேர, முன்கூட்டியே என்னென்ன ஏற்பாடுகள் செய்திருக்க வேண்டும்?

செயல்திட்டம்

1. உங்கள் வகுப்பறையிலிருந்து ஒன்றுகூடும் இடம் வரை உள்ள வழியை வரைந்து, படிக்கட்டு, சிவப்புப் பெட்டி, தீயணைப்பான் ஆகியவற்றைக் குறிக்க. வழியில் தடை ஏதேனும் இருப்பின் ஆசிரியரிடம் தெரிவிக்க.
2. ‘தீப்பற்றினால்’ என்னும் தலைப்பில் தமிழிலும் கன்னடத்திலும் ஐந்து தொடர்கள் கொண்ட அறிவிப்புப் பலகை ஒன்றினை உருவாக்குக. தமிழ்த் தொடர்கள் வியங்கோள் வினைமுற்றில் முடிதல் வேண்டும்.
3. உங்கள் வீட்டில் உள்ள முதியவருக்கு 112 என்னும் எண்ணை அழைக்கும் முறையையும் இடத்தைக் கூறும் முறையையும் கற்பித்து, அவர் கேட்ட ஐயங்களையும் நீங்கள் கூறிய விடைகளையும் குறிப்பேட்டில் எழுதி வருக.